பாண்காரரின் பூட்டு

என் மேசையின் வலது ஓரத்தில் ஒரு பித்தளைப் பூட்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. முகப்பில் பெயர் பொறித்திருந்த இடம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் பச்சை பூத்திருக்கிறது. சாவியை நுழைத்து இடப்பக்கம் திருப்பினால் பாதியில் ஒருமுறை சிக்கும். அந்த இடத்தில் சற்று அழுத்த வேண்டும். அப்போது டக்கென்று, பக்கத்து அறைக்கும் கேட்கிற சத்தத்துடன் திறந்துகொள்ளும். நான் வவுனியாவில் ஓர் அரிசி ஆலையின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தினமும் காலையும் மாலையும் பூட்டுகளோடு பழகுகிற கை என்னுடையது. இவ்வளவு சத்தமிடும் பூட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இது என் அத்தையிடமிருந்து எனக்கு வந்தது. அத்தைக்கு, ரொட்டி விற்கிற ஒரு பாண்காரரிடமிருந்து வந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவளாக இருந்தாள். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே மாமா இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா அவளுடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. நடுச்சுவர் கூரை வரை எழும்பாததால் இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கமிருந்து அவள் கொத்தமல்லித் தண்ணீர் வைக்கச் சொல்லி அம்மாவுக்குக் குரல் கொடுப்பாள். காலை வெட்டு முடிந்து வருகிறபோது அவள் கைகளில் ரப்பர்ப் பால் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். அதை உரித்து உருட்டி எனக்குப் பந்து செய்து தருவாள். புளித்த வாடையடிக்கும் அந்தப் பந்து கூரை வரை துள்ளும்.

கலவரம் எங்கள் பக்கத்துக்கு வந்த வருடம் எனக்கு ஏழு வயது. அன்று எனக்குக் கடுங்காய்ச்சல். அப்பாவும் அம்மாவும் ரேஷன் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். கீழே தோட்டத்து வாசலருகில் புகை தெரிந்ததும் லயத்து ஆட்கள் எல்லோரும் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏற அத்தையால் முடியவில்லை. அந்த நேரத்தில்தான் பாண்காரர் வந்தார். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டிக்கொண்டு நாள்தோறும் எங்கள் லயத்துக்குப் பாண் கொண்டுவருகிற சிங்கள மனிதர் அவர். எங்கள் எல்லோருக்கும் அவரிடம் கடன் இருந்தது. எங்களை அத்தையின் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, தன் பாண் பெட்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றி அந்தக் கதவில் வெளியே மாட்டினார். கதவிடுக்கில் வாய் வைத்து, "நங்கி, சத்தம் எப்பா" என்றார். தங்கச்சி, சத்தம் வேண்டாம் என்பது எனக்கே புரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதில் இருந்த யோசனை அத்தைக்கு உடனே விளங்கியது. தோட்டத்தில் பூட்டுத் தொங்குகிற காம்பரா என்றால் ஆள் இல்லாத காம்பரா. எங்கள் ஆட்கள் சாதாரணமாகப் பூட்டுவதில்லை. ஊருக்குப் போனாலும் தாழ்ப்பாளைச் சேலைக் கிழிசலால் கட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் விளக்கேற்றச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பூட்டுத் தொங்கினால் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டதென்று பொருள். சில நாளில் தோட்டம் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். சுற்றுக் கிராமத்தவர்களுக்கும் இது தெரியும். அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து, அத்தை என்னை மடியில் கிடத்திக்கொண்டாள். இருமல் வந்தது. அவள் உள்ளங்கை என் வாயின்மேல் விழுந்தது. "சத்தம் போடாத சாமி, சத்தம் போடாத" என்று காதுக்குள் சொன்னாள். அந்தக் கையின் புளித்த வாடை இன்றும் எனக்குத் தெரியும். வெளியே காலடிகள் வந்தன. கதவு தட்டப்பட்டது. யாரோ பூட்டைக் கம்பால் அடித்தார்கள். யாருமில்லை என்று சிங்களத்தில் ஒரு குரல் சொன்னது. காலடிகள் போயின. அதற்குப் பிறகும் கை எடுபடவில்லை. மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் கேட்டது. டக். கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது, பாண்காரரின் கையிலிருந்த ஓர் அச்சுப்பாணை. அதன் மேற்புறம் சற்றுக் கருகியிருந்தது. அதன்பிறகு அவர் பூட்டைத் திருப்பி வாங்கவில்லை. "அது நங்கிகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தது அந்த வருடக் கடைசியில். அத்தை வரமாட்டேன் என்றாள். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எல்லாரும் போயிட்டா இங்க ஆள் இல்லன்னு ஆயிரும்டா" என்பது மட்டுமே அவள் பதில். அதை ஒரு வாதம் என்று அப்பா ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு நாற்பது வருடங்களுக்கு மேலாக அவள் அந்தக் கடைசிக் காம்பராவில் ஆள் இருக்கிறது என்பதைத் தனியாகக் காட்டிக்கொண்டிருந்தாள். தோட்டப் பதிவேட்டில் பேர் பதிந்து வேலை செய்தாள், ஓய்வு பெற்ற பிறகும் மரங்களில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போனாள். நான் வருடத்துக்கு ஒருமுறை போவேன். ரயிலில் பொல்காவலை வந்து, மாறி ரம்புக்கனை, அங்கிருந்து கேகாலைக்கு ஒரு பஸ், தோட்டத்துக்கு இன்னொன்று. போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்கு நாட்கள் கலங்கத் தொடங்கின. இதை எனக்குச் சொன்னவள் பக்கத்துக் காம்பராவில், அதாவது எங்கள் பழைய காம்பராவில், இப்போது குடியிருக்கிற பெண். தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவளும் பால் வெட்டுகிறவள்தான். புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. முதலில் சிரிப்புக் கதையாகத்தான் தொலைபேசியில் சொன்னாள். "அண்ணே, ஒங்க அத்த என்னய கங்காணின்னு நெனச்சிக்கிட்டு பேர் போடச் சொல்லுதுங்க. நானும் போட்டுட்டேன். சம்பளத்த மட்டும் நீங்க குடுத்துருங்க." சிரித்தோம். அந்த மாதத்திலிருந்து நான் அவளுக்குப் பணம் அனுப்பத் தொடங்கினேன். சமைத்துக் கொடுக்க, குளிக்கவைக்க, மருந்தை எண்ணிக் கொடுக்க. அது ஒரு பகுதி நேர வேலைக்கான பணம். முழு நாளைக்கு ஈடாகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

வேறு வழிகளை நான் முறையாகவே பார்த்தேன். வேலையில் எனக்கு அப்படித்தான் பழக்கம். கொழும்பில் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற இடமொன்றில் விசாரித்தேன்; அவர்கள் கேட்டது என் சம்பளத்தைவிட அதிகம். லயத்துக் காம்பராவில் தங்க ஆள் வராது என்றும் சொன்னார்கள். அத்தையை வவுனியாவுக்கே கூட்டிவந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் கூடத்தில் படுத்தோம். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பது சின்ன விஷயம். ஒவ்வொரு விடியலிலும் பெரட்டுக்கு, காலையில் பேர் போடுகிற இடத்துக்கு, நேரமாயிற்று என்று எழுந்து கேற்றைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, முன்னால் இருந்த வேப்பமரத்தின் பட்டையை விரலால் தடவித் தடவி வெட்டு விட்ட இடத்தைத் தேடினாள். "இது நம்ம மரமில்ல சாமி. என்னய கொண்டுபோய் விட்டுரு. அங்க வீடு சும்மா கெடக்குது" என்று சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். மனைவி பொறுமையானவள். அவள்தான் கடைசியில் சொன்னாள், இங்கே வைத்திருந்தால் நாம் நிம்மதியாக இருப்போம், அவர் இருக்கமாட்டார் என்று. திரும்பவும் கொண்டுபோய் விட்டேன். தன் வாசலில் கால் வைத்ததும் அத்தை முகம் தெளிந்ததைப் பார்த்தபோது சரியான முடிவு என்றுதான் எண்ணினேன்.

சில மாதங்களில் அங்கேயும் விடியலில் இறங்கிப் போகத் தொடங்கினாள். தங்கச்சி வேலைக்குப் போகிற நேரம் அது. தாழ்ப்பாளைத் துணியால் கட்டிப் பார்த்தாள். அத்தை உள்ளிருந்தே இழுத்து அவிழ்த்துக்கொண்டாள். ஒருநாள் தன் பழைய மலையில், தான் வெட்டிய மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கிடந்தவளை வாச்சர் கண்டெடுத்தார். முகமெல்லாம் அட்டைக்கடி. அன்று மாலை தங்கச்சி கூப்பிட்டபோது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "அண்ணே, நான் வேலைய விட்டா பேரு போயிரும். பேரு போனா எங்க வீட்டுக்கும் கேள்வி வரும். காலையில பூட்டிட்டுப் போறேன், பன்னெண்டு மணிக்குள்ள வந்து தொறந்துர்றேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் பூட்டுவேன்." அத்தையின் ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு பித்தளைப் பூட்டு இருப்பதாகவும் சொன்னாள். நான் சரி என்றேன். 

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கப் புதிதாக ஒரு வெளிக்கள ஐயா வந்திருந்தார், இளம் பிள்ளை, சிங்களவர். புதிதாகக் கல்யாணமான குடும்பங்கள் பெற்றோரின் குசினி அடுப்போரத்தில் படுத்துக் கிடப்பதாகவும் ஆளில்லாத காம்பராக்களைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டுமென்றும் அவருக்கு உத்தரவு. எல்லோரும் வேலையிலிருக்கிற காலை நேரத்தில் அவர் வாச்சரையும் அழைத்துக்கொண்டு லயம் லயமாகப் பூட்டுகளைப் பார்த்து வந்தார். அந்த வாச்சர் வேறு டிவிஷன்காரர். கடைசிக் காம்பராவுக்கு ஒன்றுவிட்டொரு நாள் மூன்று தடவை வந்ததாக வெளிக்கள ஐயாவே பிறகு என்னிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டியிருக்கிறார். யாராவது இருக்கிறீர்களா என்று தன் மொழியில் உரக்கக் கேட்டிருக்கிறார். பூட்டை ஆட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு மூச்சுக்கூட இல்லை. மூன்றாவது தடவை, காம்பரா காலியென்றும் இன்ன குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதென்றும் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் வந்த தங்கச்சி கடதாசியைப் பார்த்துப் பதறிக் கதவைத் திறந்திருக்கிறாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "பீப்பாய்க்குப் பின்னால குந்திக்கிட்டு இருக்காங்கண்ணே. தலகாணிய மடியில போட்டு ஒரு கையால அமுக்கிப் புடிச்சிக்கிட்டு. என்னத்த இதுன்னேன். என்னய கண்ணால முறைச்சி, சத்தம் போடாத சாமின்னு தலகாணிகிட்ட சொல்றாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல." எனக்கு விளங்கியது. ஆலையின் களஞ்சியத்தில், மூட்டைகளுக்கு நடுவே, தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். வெளியே பூட்டு விழுகிற சத்தம், தட்டுகிற கை, சிங்களக் குரல். எல்லாம் சரியாக இருந்தது. செய்ய வேண்டியதை அவள் மறக்கவில்லை. அவள் ஒரேயொரு வார்த்தை பேசியிருந்தால் காம்பரா தப்பியிருக்கும். பேசினால் நான் தப்பமாட்டேன் என்று அவள் நினைத்தாள்.

மறுநாளே போனேன். தோட்ட ஒஃபீசில் யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கடதாசியை எடுத்துவிடலாம் என்றார் பெரிய கிளாக்கர். ஆனால் ஒரு வயதான மனுஷியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது இப்போது எழுத்தில் வந்துவிட்டது, தீ கீ பிடித்தால் தோட்டம்தான் பதில் சொல்ல வேண்டும், இனிப் பூட்டக்கூடாது, பகலில் அவரோடு ஓர் ஆள் இருந்தால் காம்பரா அவருக்கே, இல்லாவிட்டால் மாத முடிவில் வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவுமில்லை. அந்த வெளிக்கள ஐயா படி வரை என்னோடு வந்தார். உடைந்த தமிழில், "ஒரு சத்தம் வந்தா நான் போயிருப்பேன் சேர். நான் கேட்டது, மூணு நாள் கேட்டது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு விளக்கம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது. அவர் கையைப் பிடித்துவிட்டு வந்தேன்.

லயத்தில் அதற்குள் பேச்சு வேறாகியிருந்தது. பணமும் வாங்கிக்கொண்டு பூட்டியும் வைத்தாள் என்று குழாயடியில் ஒரு கிழவி தங்கச்சியைக் குத்திக் காட்டினாள். "ஆமா, பூட்டுனேன். நீ வீட்ல சும்மாதானே குந்தியிருந்த, ஒரு நா வந்து பாத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தங்கச்சி குடத்தை இறக்கிவைத்து அழுதாள். அவளை வேலையை விடச் சொல்ல எனக்கு முடியாது. அவள் ஒரு மாதத்துக்குப் பால் வெட்டிச் சம்பாதிப்பதை நான் கொடுக்க வேண்டும், அவள் பேர் போனால் போகிற காம்பராவுக்கும் பதில் சொல்ல வேண்டும். நான் வேலையை விட்டு அங்கே போய்த் தங்கினால் அனுப்புவதற்கும் சாப்பிடுவதற்கும் பணம் இருக்காது. அன்றிரவும் அடுத்த சில நாட்களும் என் தினக்குறிப்பில் இதையே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் கடைசி வரி ஒன்றாகவே வந்தது.

மாத முடிவில் அத்தையை இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். என்னால் கொடுக்க முடிந்த நன்கொடைக்கு இடம் கிடைத்தது அங்கே மட்டும்தான். காம்பரா கிடைத்த புதுமாப்பிள்ளைதான் ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துப் பஸ் வரை தூக்கிவந்தான். "எங்களுக்கு வீடு இந்த மாதிரி கெடச்சிருக்க வேணாம் அண்ணே" என்றான். அவன் மனைவிக்கு அது ஏழாவது மாதம். பஸ் ஏறுவதற்கு முன் அத்தை திரும்பி லயத்தைப் பார்த்து, விளக்கேற்றச் சொன்னாயா என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன் என்றேன். உண்மைதான், அங்கே இப்போது தினமும் விளக்கெரிகிறது.

இல்லம் சுத்தமானது. ஜன்னல்கள் பெரியவை. மேட்ரனும் உதவியாளர்களும் அன்பானவர்கள். ஆனால் அங்கே தமிழ் பேசுகிறவர்கள் யாருமில்லை. இதைப் பற்றி முதலில் நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் அத்தை வாழ்நாள் முழுதும் சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்களத்தில் சரளமாகச் சண்டை போட்டவள். அந்த மொழி அவளிடமிருந்து போய்விட்டது. அல்லது அதில் அவளுக்கு மிஞ்சியிருப்பது கதவுக்கு வெளியே நிற்கிற குரல்கள் மட்டும்தான். முதல் தடவை பார்க்கப் போனபோது மேட்ரன் அவளைப் புகழ்ந்தார். இவ்வளவு அமைதியான அம்மாவை நாங்கள் பார்த்ததில்லை, வந்த நாளிலிருந்து ஒரு சத்தமில்லை, ஒரு தொல்லையுமில்லை என்றார். அத்தை கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்த இடுக்கில், தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்து "அத்தே" என்றதும் அவள் உள்ளங்கை என் வாயின்மேல் வந்து விழுந்தது. இப்போது அதில் சவர்க்கார வாடைதான். பார்வை நேரம் முடியும் வரை அப்படியே இருந்தோம். ஐம்பது வயதுக்காரன் நான், அதை விலக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தடவை, காம்பராவைக் காலி செய்தபோது நான் எடுத்துவைத்த பூட்டைக் கொண்டுபோனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் முழங்காலிட்டு, காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சாவியைத் திருப்பினேன். பாதியில் சிக்கியது, அழுத்தினேன். டக். அத்தையின் தோள்கள் இறங்கின. கை மடியில் விழுந்தது. வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய பழைய குரலிலேயே, "விடிஞ்சிருச்சா? பாண் வந்திருச்சா சாமி?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். காய்ச்சல் விட்டுவிட்டதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா அம்மா வந்துவிட்டார்களா என்றாள். வந்துவிட்டார்கள் என்றேன். அப்போது உதவியாளர் பெண் தட்டோடு உள்ளே வந்து, "அம்மே, தே பொன்ன" என்று கனிவாகத் தேநீரை நீட்டினாள். அத்தையின் கை எழுந்து மறுபடியும் என் வாயை மூடிக்கொண்டது. தேநீர் ஆறும் வரை அந்தப் பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் பூட்டோடுதான் போகிறேன். யாராவது உள்ளே வருகிற வரை அது வேலை செய்கிறது. அடுத்த சம்பளம் வந்ததும் மறுபடி போக வேண்டும். ஆலைக் களஞ்சியத்தின் பூட்டுகளுக்கெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை நானே எண்ணெய் விடுகிறேன், இன்றும் விட்டேன். மேசையில் இருக்கிற இதற்கு விடுவதில்லை. விட்டால் சத்தம் குறைந்துவிடும்.